அத்தையை விட்டுக்கொடுக்க முடியாது: வாசகர் வட்ட நாவலும் பாத்திரங்கள் மேல் வரும் ஒட்டுதலும்

ஜூன் 4

எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்தவர் போன கூட்டத்தில் ஒரே போடாகப் போட்டார்: "ஒரு பாத்திரத்தின் மேல் பாசம் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு நாவலை வாசிக்க முடியாது. உன் பாசத்தைத்தான் நீ வாசித்துக்கொண்டிருப்பாய்." கூட்டம் முடியும் நேரம் என்பதால் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே கேட்கிறேன். பாத்திரத்தின் மேல் ஒட்டுதல் வந்துவிட்டால் வாசிப்பு கெட்டுப்போகுமா? ஒட்டுதலே இல்லாமல் அறுநூறு பக்கம் எதற்காக வாசிக்க வேண்டும்?

நாவலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வட்டத்தில் பாதிப் பேர் இன்னும் முடிக்கவில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு பகுதி, யாரும் முந்திப் போகக் கூடாது என்பது எங்கள் விதி. கதையை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய அச்சகம் ஒன்றை நடத்தும் குடும்பம். அண்ணன் அச்சுக்கோப்பவர். இள வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்ட அவருடைய தங்கைதான் வீட்டை நடத்துகிறாள். அண்ணனுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வருகிறாள். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துக் கடிதம் வருகிறது. அந்தக் கடிதத்தை அத்தை ஒளித்துவைத்துவிடுகிறாள்.

அந்த அத்தையின் மேல்தான் எனக்கு ஒட்டுதல். மூத்தவரின் கண் என் மேல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஜூன் 5

ஒரு நண்பர் கேட்கிறார்: "கடிதத்தை ஒளிப்பவள் மேல் எப்படிப் பாசம் வரும்?"

வந்துவிட்டது. நல்லவர்கள் மேல்தான் ஒட்டுதல் வரும் என்றால் இந்த நாவலில் அந்த அண்ணன் மேல் வந்திருக்க வேண்டும். மனிதர் பொறுமைசாலி, கடன் வாங்கமாட்டார், யாரையும் கடிந்து பேசமாட்டார். புத்தகத்தை மூடினால் அவர் முகம் நினைவில் இல்லை. அத்தை அப்படியில்லை. சுள்ளென்று பேசுகிறாள், கணக்குப் பார்க்கிறாள், மருமகள் கதவைச் சாத்தும் சத்தத்தைக்கூடக் குற்றமாக எடுத்துக்கொள்கிறாள். அவளோடு மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். சண்டை போடும் ஆளைத்தான் நினைத்துக்கொண்டே இருப்போம்.

ஜூன் 9

எப்போது ஒட்டிக்கொண்டது என்று பின்னோக்கிப் பார்த்தேன். இரண்டாம் பகுதியில் ஒரு காட்சி. வீட்டுக்கு விருந்தினர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் மருமகள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் அச்சக வீட்டில் இருந்தும் அவருக்கு ஒன்றுதான், மரக்கடையில் இருந்தும் ஒன்றுதான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அத்தையும் சிரிக்கிறாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போகிறாள். விருந்தினர்கள் தாறுமாறாகக் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக எடுத்துச் சுவரோரம் வரிசையாக வைக்கிறாள். அவ்வளவுதான். அவள் மனத்தில் என்ன ஓடியது என்று ஆசிரியர் ஒரு சொல்கூட எழுதவில்லை.

அழுகை எதனால் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கு காரணங்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. மற்றவர் நம்மை எளிதாக நடத்துவது, இருந்ததை இழப்பது, நிலையில் தாழ்வது, இல்லாமை. நாவல்களில் நாம் கண்கலங்குவதெல்லாம் இழவுக்காகத்தான், சாவுக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். வட்டத்தில் விசாரித்தால் முக்கால்வாசிப் பேர் கலங்கிய இடம் இந்தச் செருப்புக் காட்சி. வரிசையில் முதலில் நிற்பது இளிவு என்பதை இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒருவர் நம் கண் முன்னால் சிறுமைப்படும்போது, அவர் செய்த பழைய தப்புகளை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அவர் பக்கம் போய் நின்றுகொள்கிறோம்.

ஜூன் 10

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இளிவு மட்டும் போதாது. அதே காட்சியில் அத்தை அழுதிருந்தால், அல்லது ஆசிரியர் அவளுக்காக நாலு வரி வருத்தப்பட்டு எழுதியிருந்தால், நான் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். அவள் செருப்பை அடுக்கப் போனதால்தான் அவளுக்காக வருந்தும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. எழுத்தாளர் செய்யாமல் விட்டதை வாசகர் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி நாமே செய்ததை நம்மால் விட முடிவதில்லை.

ஜூன் 17

இன்றைய கூட்டத்தில் நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

கடிதம் பற்றித்தான் பேச்சு. போன முறை வரை எங்களுக்குள் ஏறத்தாழ ஒரு சமாதானம் இருந்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அரசாங்க முத்திரை போட்ட உறையைப் பார்த்ததும் ஏதோ வில்லங்கம் என்று பயந்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். இப்படிச் சொல்லிக்கொண்டு எல்லோரும் அவளை மன்னித்து வைத்திருந்தோம்.

எங்களில் வயதில் சிறியவளான கல்லூரி மாணவி முதல் பகுதியைத் திறந்து ஒரு பத்தியை வாசித்துக் காட்டினாள். அச்சடித்து முடித்த பிறகு ஈய எழுத்துகளைக் கழுவி, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். அண்ணனுக்கு முடியாத நாள்களில் அத்தைதான் அந்த வேலையைச் செய்கிறாள். ஒரு எழுத்துகூட அறை மாறி விழுந்ததில்லை என்று அண்ணன் பெருமையாகச் சொல்கிறார். மாணவி கேட்டாள்: "எழுத்து தெரியாதவர் எப்படி மாறாமல் போடுவார்?"

கூட்டமே அமைதியாகிவிட்டது. ஈயத்தில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி இருக்கும். 'க'வையும் 'ச'வையும் அந்த நிலையில் பிரித்தறிய அச்சுக்கோப்பவருக்கே பழக்கம் தேவை. அந்த வித்தையை அத்தை யாருக்கும் தெரியாமல் கற்றிருக்கிறாள். தெரியாது என்று எல்லோரும் சிரித்தபோது கூடச் சிரித்திருக்கிறாள்.

அப்படியானால் கடிதத்தை வாசித்துவிட்டுத்தான் ஒளித்திருக்கிறாள்.

ஜூன் 18

தெரிந்தே செய்தாள் என்று ஆன பிறகு என் ஒட்டுதல் குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது. ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் அறியாத பாவம் என்று நினைத்திருந்தவரை அவள் மேல் எனக்கு இருந்தது இரக்கம். அறிவும் ரகசியமும் தந்திரமும் உள்ள மனுஷியாக அவள் எழுந்து நிற்கும்போது அதோடு மரியாதையும் சேர்ந்துவிட்டது. அவள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் முழுதாக ஓர் ஆண்டைத் திருடியிருக்கிறாள். அவளுக்காக வழக்காட வரவில்லை. அவள் எழுந்து போய்விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மூத்தவருக்கு இதைச் சொன்னேன். "இதைத்தான் நான் அன்றே சொன்னேன்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஈய எழுத்துப் பத்தியைக் கண்டுபிடித்தவள் யார்? அத்தையை விட முடியாமல் முதல் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த பெண். பாசம் வைக்காதவர்கள் அந்தப் பக்கத்தை ஒரே தடவை வாசித்துவிட்டுக் கடந்து போனார்கள். கவனம் எங்கிருந்து வருகிறது என்று அவரே சொல்லட்டும்.

ஜூன் 20

கோபம் அடங்கிய பிறகு வேறொன்று தோன்றுகிறது. இந்த நாவலை நான் ஒரே மூச்சில் வாசித்திருந்தால் இவ்வளவு ஒட்டுதல் வந்திருக்காது. இரண்டு கூட்டங்களுக்கு இடையில் புத்தகத்தை மூடி வைத்திருக்கும் நாள்களில்தான் அத்தை எனக்குள் நடமாடினாள். பஸ்ஸில் போகும்போது, தூக்கம் வராத இரவில், இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைப்பேன். பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஒருவரை நினைப்பது உயிருள்ளவர்கள் விஷயத்தில் நாம் செய்வது. இடைவெளி விட்டு வாசிக்கும்போது பாத்திரத்துக்கும் அது கிடைத்துவிடுகிறது.

தொடர்கதைக் காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அது முடிந்தபோது வாசகர்கள் முடிய விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டுத் துளைத்தார்கள். கடைசியில் கல்கி முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சொல்ல வேண்டி வந்தது. வந்தியத்தேவனின் பெயராவது கல்வெட்டில் இருக்கிறது. பூங்குழலி முழுக்கக் கற்பனை. வாரம் தவறாமல் அவளை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களிடம் அந்த வேறுபாட்டைச் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதையும் இதே வழிதான். கானன் டாயில் 1893-இல் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டார். அதுவும் பத்திரிகையில் மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாத்திரம். 1903-இல் அவனை உயிரோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

ஜூன் 21

ஒருவர் எழுதியிருக்கிறார், "இதெல்லாம் ஒருதலை உறவு, உளவியலில் இதற்குப் பெயர் உண்டு" என்று. உண்டு. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் இருவரும் 1956-இல் எழுதிய கட்டுரை அது. அவர்கள் பார்த்தது வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துபவர்களை. நேயருக்கு அவர்களைத் தெரியும், அவர்களுக்கு நேயரைத் தெரியாது. பிறகு வந்தவர்கள் அந்தக் கருத்தைக் கதைப் பாத்திரங்களுக்கும் நீட்டினார்கள்.

எனக்கு அது முழுதாகப் பொருந்தவில்லை. தொலைக்காட்சியில் வருபவர் நம்மைப் பார்த்துப் பேசுகிறார், நம்மை நண்பர் என்று அழைக்கிறார், நட்பாக இருப்பதுபோல் ஒரு தோற்றத்தை உண்டாக்குகிறார். அத்தை என்னைப் பார்ப்பதே இல்லை. நான் இருப்பது தெரிந்தால் அந்தக் கடிதத்தை அவ்வளவு நிதானமாக, பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்திருக்கமாட்டாள். தனியாக இருக்கும்போது ஒருவர் எப்படி இருப்பார் என்பதை நிஜ வாழ்க்கையில் நெருங்கிய உறவில்கூட நாம் பார்க்க முடியாது. நாவலில் பார்க்கிறோம்.

ஜூலை 2

ஐந்தாம் பகுதி முடித்துவிட்டேன். இன்னும் வாசிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுங்கள்.

உண்மை வெளியே வந்துவிடுகிறது. மகளுக்கு மறுபடி ஒரு வேலை, மறுபடி ஒரு கடிதம், இந்த முறை அவள் கையிலேயே வருகிறது. பழைய கடிதமும் அகப்பட்டுவிடுகிறது. மகள் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சண்டை போடவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிடுகிறாள். விடியற்காலையில் பெட்டியோடு வாசலுக்கு வருகிறாள். அவளுடைய செருப்பு மட்டும் தனியாக, வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருந்து வருபவள் அப்படியே கால் நுழைத்துக்கொண்டு கிளம்பிப் போகலாம்.

இத்தனை பகுதிகளாக அத்தை செருப்புகளைச் சுவரைப் பார்த்தே வைத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் அதை வேறு வேறு இடங்களில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரே ஒரு தடவை திசை மாறுகிறது. மன்னிப்புக் கேட்கவில்லை, ஆசீர்வாதம் சொல்லவில்லை, அவள் அங்கே நிற்கக்கூட இல்லை.

நான் வைத்திருப்பது நூலகப் பிரதி. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறார்கள்: "போகாதே." பென்சில் அழுந்திப் பின்பக்கம் தடம் தெரிகிறது. முழுப் புத்தகத்திலும் வேறு கோடு, குறிப்பு எதுவும் இல்லை.

ஜூலை 3

அந்தப் "போகாதே" யாருக்கு என்று பெரிய விவாதம் நடந்தது. மகளுக்கு என்றார்கள் பலர். மகளைப் போகாதே என்று அத்தைக்காக அந்த வாசகர் சொல்லியிருக்கிறார் என்றாள் மாணவி. அத்தையால் வாய் திறந்து சொல்ல முடியாததை முகம் தெரியாத ஒருவர் பென்சிலால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு மாணவி சொன்னதுதான் சரியாகப் படுகிறது.

மூத்தவர் மட்டும், நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம் என்றார். குற்றம்தான். ஆனாலும் அந்த வாசகரைப் பார்த்துப் பேச வேண்டும்போல் இருக்கிறது.

ஜூலை 15

கடைசிப் பகுதி. அத்தை இறந்துவிட்டாள்.

இறந்த காட்சி இல்லை. மகள் ஊர் திரும்பும் அத்தியாயத்தில், அத்தை போன பிறகு அச்சகத்தின் கூரை மாற்றப்பட்டிருந்தது என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம். செய்தி கூரையைப் பற்றியது. அத்தையின் சாவு அதற்குக் காலம் குறிக்க வந்திருக்கிறது. அந்த வாக்கியத்தைத் தாண்டி இரண்டு பக்கம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வந்து மறுபடி வாசித்தேன். பிறகு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜூலை 16

வட்டத்தில் கோபம் பொங்குகிறது. இத்தனை பக்கம் கூட்டிவந்த ஒருத்தியை இப்படியா அனுப்புவது என்கிறார்கள். எழுத்தாளருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றுகூட ஒருவர் சொன்னார்.

வாசகர் கோபம் எதையெல்லாம் செய்யும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவு பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று அவர் எழுதிப் பார்த்ததுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஒரு பெண்ணின் கதி பற்றி வாசகர்கள் போட்ட சண்டையில் இருந்து ஒரு முழு நாவல் கிடைத்திருக்கிறது. அந்தச் சண்டையில் இறங்கியவர்கள் யாரும் பாத்திரத்தைத் தள்ளி நின்று பார்த்தவர்கள் இல்லை.

ஆனால் எங்கள் அத்தை விஷயத்தில் எனக்கு எழுத்தாளர் மேல் கோபம் இல்லை. அவளுக்கு மரணப் படுக்கைக் காட்சி கொடுத்திருந்தால் எல்லோரும் வந்து சுற்றி நிற்பார்கள், மகள் அழுவாள், ஏதோ ஒரு மன்னிப்பு நடந்திருக்கும். மகள் வரவில்லை, அதனால் நமக்கும் பார்க்கக் கிடைக்கவில்லை. தாமதமாக வந்தவளுக்குக் கிடைத்த செய்திதான் நமக்கும் கிடைக்கிறது. கூரை மாறியிருக்கிறதே என்று கேட்டால், ஆமாம், அத்தை போன பிறகு மாற்றினோம் என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள் இல்லையா, அந்த அளவில்.

ஜூலை 19

மூத்தவர் தொலைபேசியில் அழைத்தார். நிறைய நேரம் பேசினோம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மருமகளைப் பற்றி உங்களில் யாராவது பேசினீர்களா?"

யாரும் பேசவில்லை. அத்தையைச் சிறுமைப்படுத்தியவள் என்று இரண்டாம் பகுதியிலேயே அவளை ஒதுக்கிவைத்துவிட்டோம். மூத்தவர் பக்க எண்ணோடு சொன்னார்: அந்த விருந்துக் காட்சிக்கு முன் அத்தியாயத்தில், மருமகள் தன் வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று வருத்தப்படுகிறாள். நாலாம் பகுதியிலும் அதே வருத்தம் வருகிறது. பதில் வந்து பீரோவுக்குள் போயிருக்கலாம் அல்லவா? அத்தை ஒளித்தது ஒரு கடிதத்தை மட்டும்தானா?

நாவல் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. ஆனால் கடிதம் அகப்படும் இடத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். துணிகளுக்கு அடியில் "காகிதங்கள்" இருந்தன என்றுதான் இருக்கிறது. மகளின் பார்வை தன் கடிதத்திலேயே நின்றுவிடுகிறது. எங்கள் பார்வையும் அவள் பின்னாலேயே போய் நின்றுவிட்டது.

ஜூலை 20

மூத்தவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதிவைக்கிறேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது: ஒருத்தி மேல் வைக்கும் பாசம் அவளுக்கு எதிரில் நிற்பவளை மறைத்துவிடும். அதற்கு மருந்து, எதிரில் நிற்பவள் மேலும் பாசம் வைப்பது. அவருக்கு மருமகள் மேல் பாசம் இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அந்தப் பதில் வராத கடிதத்தைப் பக்க எண்ணோடு யார் நினைவில் வைத்திருப்பார்கள்? இதைச் சொன்னபோது மறுபுறம் பேச்சே இல்லை. பிறகு, "அவள் பாவம்" என்றார்.

ஜூலை 22

முடிவாகிவிட்டது. அடுத்த புத்தகத்துக்கு உடனே போகவில்லை. இரண்டாம் பகுதியையும் நாலாம் பகுதியையும் மருமகள் பக்கம் நின்று மறுபடி வாசிக்கிறோம். பேச்சைத் தொடங்குபவர் மூத்தவர். "காகிதங்கள்" என்ற அந்த இடத்தையும், மருமகள் அச்சகத்துக்குள் வரும் எல்லா இடங்களையும் குறித்துக்கொண்டு வரும்படி மாணவி எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். அத்தை பக்கம் பேச ஆள் வேண்டும் என்றார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன்.